தாய்மாமன் கையால் வர வேண்டிய சேலை

பாவ்நகர்,
6 ஜனவரி 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊர்விக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பிப்ரவரி பன்னிரண்டு. வெல்லத்தோடு உன் வீட்டுக்கு வந்து அழைப்பதுதான் முறை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நீ சாத்திய கதவு. படியேறக் கால் வரவில்லை. அதனால் கடிதம்.

அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான். மணையில் உட்காரும்போது கட்டும் பானேதர், வெள்ளைப் பட்டும் சிவப்புக் கரையும், நீ கொண்டுவந்தால்தான் உண்டு. என் கல்யாணத்துக்கு நம் தாய்மாமன் விரஜ்லால் மாமா வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகளுக்கும் அந்தக் கதி வேண்டாம்.

ஜாம்நகருக்கே போய் வாங்கு. கடைக்காரன் முதலில் காட்டுவதையே தலையாட்டி வாங்கிவிடாதே.

உன் ஹன்சா


ஜாம்நகர்,
19 ஜனவரி 1988

என் ஹன்சாவுக்கு,

ராஜ்கோட்டிலிருந்து நேற்றே வந்துவிட்டேன். ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பொறுக்கமாட்டாமல், "என்ன சேட், இவ்வளவு நேரமா புரட்டுறீங்க, கட்டிக்கப் போறது நீங்களா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஏழாவது கடையில் ஒன்று கிடைத்தது. கரை முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. இதே மாதிரி ஒன்றை மாமா உனக்காக வாங்கியிருந்தார், ஹன்சா.

அவர் வராமல் இல்லை. சேலையோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். நீ உன் இஷ்டப்படி ரமணீக்கைக் கட்டிக்கொள்கிறாய் என்ற வெறியில் நான்தான், "நீங்க போனா திரும்பி வந்து என் பொணத்தத்தான் பாப்பீங்க" என்று சொல்லி இறக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா பேரில் சத்தியமும் வாங்கினேன்.

சேலையைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் முகத்தைப் பார்க்க ஏங்காத நாள் இல்லை. ஆனால் எந்த முகத்தோடு வருவேன்? என்னை எதிர்பார்க்காதே.

கிரீட்


பாவ்நகர்,
28 ஜனவரி 1988

அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. கடிதமும் வந்தது. இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. ரமணீக்தான் கிச்சடி வைத்தார். "சின்ன வயசு, ஏதோ கோவம். விடு" என்கிறார் அந்த மனுஷர். அவருக்கென்ன, சொல்லிவிடுவார்.

மாமா செத்தபோது நான் போகவில்லை, அண்ணா. என்னைக் கைவிட்டவர் முகத்தில் ஏன் விழிக்க வேண்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை. உன்னால் அந்த நல்ல மனுஷனை இருபத்திரண்டு வருடம் சபித்திருக்கிறேன்.

பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன். ஊர்வி ஓரத்தைக் கிழித்து எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னா சிவப்பும்மா! மாமா எடுத்துட்டு வரலன்னா நான் மணையில உக்காரவே மாட்டேன்" என்கிறாள். பிடிவாதம் நம் வழி.

தபால்காரர் கொண்டுவருவது பானேதர் ஆகாது. பன்னிரண்டாம் தேதி காலை வாசலில் குங்குமத் தட்டோடு நிற்பேன். அதை உன் கையில் ஏந்திக்கொண்டு நீதான் வர வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மனம் வரவில்லை. பொய் எழுதி என்ன? கல்யாணம் முடிந்த மறுநாள் நாம் இரண்டு பேரும் அத்தை இருக்கும் கோண்டலுக்குப் போகிறோம். அவள் காலில் விழ வேண்டும், நீயும் நானும். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகும். உன்னைத் திட்டித் தீர்க்க எனக்கு அது போதாது.

ஆனாலும் வா.

ஹன்சா