பல் பிடுங்கிய சுருட்டைகள்

தேவதானப்பட்டி,
3 ஏப்ரல் 1938

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நான்கு சுருட்டை விரியன்களும் நலம். அவற்றைத்தான் முதலில் விசாரிப்பீர்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பாம்புப் பெட்டிகளோடு ஈஸ்டர் கழிந்து தேனியில் ரயிலேறிச் சென்னைக்கு வரச் சொல்கிறீர்கள். உங்கள் பேராசிரியர் முன்னால் நான் வெறுங்கையால் தண்ணீர் மாற்றிக் காட்டவேண்டும். நீங்கள் இங்கே விட்டுப்போன குறிப்பு நோட்டை முன்னதாகத் தபாலில் சேர்க்கவேண்டும். புரிந்தது.

இங்கே வெயில் ஏறிவிட்டது. மஞ்சளாற்றில் மணல்தான் ஓடுகிறது. பெட்டிகளைச் சமையலறைக்கு அடுத்த அறைக்கு மாற்றினேன். அங்கே கொஞ்சம் குளிர்ச்சி. மூன்றாம் பெட்டியில் இருப்பது தோல் உரித்தது.

மூடியைத் திறந்தால் இன்னும் அப்படியேதான். ஒரு முழம்கூட இல்லாத உடம்பு சுருண்டு தன்னையே தேய்த்துக்கொள்ளும். காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். அமெரிக்காவில் வாலில் கிலுகிலுப்பை உள்ள பாம்பு உண்டு, நம்முடையதற்கு உடம்பே கிலுகிலுப்பை என்று கல்யாணமான புதிதில் சொன்னீர்கள். எண்பது நாளாக அந்தச் சத்தத்துக்குள் கையை விட்டுத் தண்ணீர்ச் சிரட்டையை எடுத்திருக்கிறேன். திரும்ப வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் என் கண்ணெதிரே இடுக்கியால் அவற்றின் விஷப்பல்லைப் பிடுங்கினீர்கள். என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினீர்கள். மீன்முள் போல் இருந்தன. இனி இவை மண்புழு, பயப்படாதே என்றீர்கள். நான் பயப்படவில்லை.

பாம்புகளுக்கு இரையாகப் பல்லி பிடித்துத் தரும் இருளம்மாள் நேற்றுத்தான் முதல்முறையாக உள்ளே வந்து பார்த்தாள். “ஏத்தா, ஊருக்குப் போற ஆம்பளைக பொண்டாட்டிக்கு நகைநட்டு வச்சிட்டுப் போவாக. ஒனக்குச் சுருட்டையை வச்சிட்டுப் போயிருக்காக” என்று சிரித்தாள். நான் கையை விட்டதும் கத்தினாள். பல் பிடுங்கியாயிற்று என்றேன். “பிடுங்குனா மொளைக்காதா? அது என்ன பொக்கைவாய்க் கெழவியா?” என்றாள்.

அதன் பிறகுதான் நோட்டைத் திறந்தேன். நான் இன்டர்மீடியட் படித்தவள் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் நோட்டைத் திறக்கமாட்டேன் என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கை நேற்றுவரை வீணாகவில்லை.

ஜனவரி 9. நான்கிலும் புதுப் பல், முழு வளர்ச்சி. அதன் கீழே: கிருபாவிடம் சொல்லவில்லை. தெரிந்தால் கை நடுங்கும். நடுங்கும் கையைத்தான் கடிக்கும்.

ஜனவரி 12 அன்று சென்னைக்கு ரயிலேறினீர்கள். சன்னலில் இருந்து கையசைத்தீர்கள்.

இரவு முழுக்க யோசித்தேன். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. தெரியாததால் நடுங்கவில்லை. நடுங்காததால் இருக்கிறேன். உங்கள் கணிப்பு சரியாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை மூடியைத் திறந்தேன். கை நடுங்கியது. மூடிவிட்டேன். பிறகு நீளக்காம்பு அகப்பையால் தண்ணீர் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகவில்லை.

இருளம்மாள் உலக்கையோடு வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். அவை எனக்கு எதுவும் செய்யவில்லை. வெளியே விடவும் முடியாது. பின்புறக் கடலைத் தோட்டத்தில் பெண்கள் குனிந்து களை எடுக்கிறார்கள். உங்களைப் போல் அவர்களிடம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

நான் சென்னைக்கு வரவில்லை. நீங்களே வந்து பெட்டிகளை எடுத்துப் போங்கள். அதுவரை பட்டினி போடமாட்டேன்.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஜனவரி 12க்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அங்கே வேறு நோட்டு வைத்திருப்பீர்கள். அதைப் புரட்டிப் பாருங்கள். இந்த எண்பது நாளில் ஒருநாளாவது, நான் தண்ணீர் மாற்றும் காலை ஆறு மணிக்கு, என் கையை நினைத்தீர்களா? நினைத்திருந்தால் தேதி போட்டிருப்பீர்கள். உங்களுக்கு அது பழக்கம். அந்தத் தேதியை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். ஒன்று போதும்.

ஆண்டவர் உங்களை ஒரு சேதமும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
கிருபாவதி