கார்டுக்கு வைத்த பொட்டு

மைனி,

கம்ப்யூட்டரிலிருந்து பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மேசையில் தாள் விரித்து வைத்திருக்கிறேன். கழற்றியபோது அதில் சூடு இருந்தது. தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த நெடிக்கு அடியில் சந்தனம் மணத்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து நான்கு மாதமாகிறது. பீரோவில் இருக்கும் உங்கள் சேலைகளில்கூட இப்போது பாச்சை உருண்டை வாசனைதான் வருகிறது. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து நீங்கள் வந்து நிற்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மற்ற கடைகளில் பெட்டிக்கு வெளியே பொட்டு வைப்பார்கள். நீங்கள் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்து மூடியைக் கழற்றுவீர்கள். "வேலை பாக்கது உள்ள இருக்கவன். தகரத்துக்கு எதுக்குட்டி பொட்டு?" என்பீர்கள். மோதிர விரலால் கார்டின் மேல் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் மூடியைப் போடுவீர்கள். போன வருடத்துப் பொட்டைத் துடைக்கவும் விடமாட்டீர்கள். அதன் மேலேயே இந்த வருடத்துப் பொட்டு ஏறும்.

நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியும் ஒரே அறையில் தொழில் செய்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது என்று சொன்னவர்கள் நம் வீட்டிலேயே இருந்தார்கள். குற்றாலம் ரோட்டைப் பார்த்த அந்த முன்னறையில் கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன் என்று போர்டு மாட்டிய அன்று, பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சித்தி, "பொம்பளைங்க ரெண்டு பேரு கம்ப்யூட்டரை வச்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்டாள். நீங்கள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "உங்க மவ கல்யாணத்தைக் கொண்டாங்க சித்தி, கிழிச்சுக் காட்டுதோம்" என்றீர்கள். அந்தக் கல்யாணத்தையும் நாம்தான் செய்து கொடுத்தோம்.

இந்தக் கார்டை முதல்முதலாக மாட்டிய நாள் நினைவிருக்கிறதா? திரை கறுப்பாகவே நின்றது. வாங்கிய அன்றே செத்துவிட்டது என்று நான் அழுதேவிட்டேன். மதியம் முழுக்கப் பார்த்துவிட்டுக் கடைசியில் பின்பக்கம் குனிந்தீர்கள். மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் செருகாமல் பழைய இடத்திலேயே செருகியிருந்தோம். தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். "பொட்டி சாகாதுட்டி. நமக்குத்தான் பொறுமை செத்துப் போவுது" என்றீர்கள்.

இப்போது அந்தப் பெட்டிக்கே ஆபத்து வந்துவிட்டது. கேமராக்காரர்கள் கொண்டுவரும் படங்களெல்லாம் பெரிது பெரிதாகிவிட்டன. அச்சன்புதூர்க் கல்யாணம் ஒன்று வந்தது. நீங்கள் நோயில் படுப்பதற்கு முன் ஒப்புக்கொண்ட வேலை அது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை நீட்டுவார், கை அப்படியே அந்தரத்தில் நிற்கும். நாதஸ்வரம் போய்க்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் நடந்தது எதுவும் திரைக்கு வராது.

இதை அண்ணன் ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டார். மறுநாளே, சீசனுக்கு முன்னறையை நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சட்டி பானையோடு வருகிறாராம்.

"எதுக்குட்டி செத்த பொட்டியக் கட்டிட்டு அழுத? இதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு உன் வேலையப் பாரு."

"இதுதான் என் வேலை."

அண்ணன் காலியாகக் கிடந்த உங்கள் நாற்காலியைப் பார்த்தார். பிறகு, "அவ இல்லாத ரூமை என்னால பாக்க முடியலட்டி" என்றார்.

எனக்கும் அப்படித்தான் மைனி. ஆனால் அதற்காக விட்டுவிட முடியுமா? "உங்களால பாக்க முடியலன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க அண்ணே. நான் உள்ள இருக்கேன்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அந்தத் துடுக்கு உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

தென்காசியில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம் ஒரே பாட்டு. பெட்டி எத்தனை வருடப் பழசு என்று கேட்பார்கள், சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். "மதர்போர்டே பழசு மேடம். இதுல புதுக் கார்டு போட்டா முழு வேகம் வராது. மொத்தமா புது செட்டு எடுத்துருங்க" என்றார் ஒருவர்.

"முழு வேகம் யாரு கேட்டா? தாலி கட்டி முடியுற வரைக்கும் நிக்காம ஓடினாப் போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உதவவில்லை. வீட்டுக்கு வந்து நானே மூடியைக் கழற்றி உட்கார்ந்தேன். எதைத் தொடுவதற்கு முன்பும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்வீர்கள், எடுத்தேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டேப்பை வைத்து உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தேன். கரண்ட் கொடுக்கும் சப்ளையும் பழசு, புதுக் கார்டுக்குத் தனி ஒயர் போட அதில் வழியில்லை. அதையும் மாற்றினால் என் கையிருப்பு தாங்காது. ஆகவே தனி ஒயர் கேட்காத, செருகும் இடத்திலிருந்தே கரண்டை எடுத்துக்கொள்கிற, நீளம் குறைந்த, நினைவகம் மட்டும் கூடுதலான கார்டாகப் பார்க்க வேண்டும். அதுவும் பழசாக. இவ்வளவும் தெரிந்த பிறகு தேடுவது சுலபமாகிவிட்டது.

சுரண்டையில் கேம் சென்டர் ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினேன். உரிமையாளர் அண்ணாச்சி கார்டைத் துடைத்து வைத்திருந்தார். "நல்லா ஓடும் தாயி, எடுத்துட்டுப் போங்க" என்றார். ஓடுவதைப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றேன். பெண்பிள்ளை ஒன்று நின்று இப்படிக் கேட்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே ஒரு கம்ப்யூட்டரில் மாட்டினார். அச்சன்புதூர்க் கல்யாணத்தைப் பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். மாப்பிள்ளை கையை நீட்டினார், தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து முழு முகூர்த்தத்தையும் பார்த்தேன். அண்ணாச்சி டீ வாங்கித் தந்து, தானும் உட்கார்ந்து பார்த்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க சாப்பாடு பலமா இருக்கும் போலயே" என்றார்.

கார்டைப் பருத்தித் துணியில் சுற்றி, செருப்புப் பெட்டியில் வைத்து மடியிலேயே கொண்டுவந்தேன். தென்காசி நெருங்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஒருவரும் ஷட்டரை இறக்கவில்லை. சீசன் சாரலுக்கு யார் இறக்குவார்கள்? நான் முந்தானையால் பெட்டியை மூடிக்கொண்டு குனிந்தே வந்தேன்.

ஞாயிறு காலை மாட்ட உட்கார்ந்தேன். பழைய கார்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உங்கள் சந்தனம் வருடம் வருடமாக வழிந்து, தூசியோடு சேர்ந்து இறுகி, அதன் சின்ன விசிறியைப் பாதிக்குப் பாதி பிடித்து வைத்திருந்தது. அண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

"பாத்தியா, உன் மைனியே அதைக் கெடுத்து வச்சிருக்கா."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்ததைப் போட்டு உடைத்திருப்பேன். "கெடுத்தாங்களா? இத்தனை வருசம் எத்தனை கல்யாணத்தை இது ஓட்டுச்சுன்னு தெரியுமா? இதுக்கும் மரியாதை உண்டுன்னு நினைச்சவங்க அவங்க ஒருத்தங்கதான். விசிறி பாதி நின்ன பொறவும் இது ஓடிட்டுத்தானே இருந்துச்சு" என்றேன்.

அந்நேரம் பார்த்து லோடு ஆட்டோ வந்து நின்றது. சிப்ஸ்காரர் பெரிய எண்ணெய்ச் சட்டியையும் நேந்திரங்காய்த் தாரையும் இறக்கத் தொடங்கினார். நான் புதுக் கார்டைச் செருகி, திருகாணியை முடுக்கி, சுவிட்சைப் போட்டேன்.

திரை கறுப்பு.

கேபிளைப் பார்த்தேன். சரியான இடத்தில்தான் இருந்தது. அதே தப்பை இரண்டாம் முறை செய்யவில்லை மைனி. மறுபடி போட்டேன். மறுபடியும் கறுப்பு. விசிறி மட்டும் சுற்றியது. "விடுட்டி, போதும்" என்றார் அண்ணன், இந்த முறை மெதுவாக. சிப்ஸ்காரர் சட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு உள்ளே வரலாமா என்பதுபோல நின்றார்.

நான் நகரவில்லை. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கிவிட்டால் நம் அறையில் அப்பளம்கூட நமத்துப் போகும். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் நீங்கள் மெமரியைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பீர்கள். "பல்லு வெளக்கி விடுதேன். சாரலுக்கு இதுகளுக்கும் ஊத்தை புடிக்கும்லா" என்பீர்கள். மேசை டிராயரைத் திறந்தேன். ஒரு மூலை தேய்ந்த உங்கள் ரப்பர் அங்கேயே கிடந்தது. சுரண்டையில் நன்றாக ஓடிய கார்டுதான்; கழற்றிப் பார்த்தால், சாரல் ஈரத்தாலோ என்னவோ, அதன் பற்கள் மங்கித்தான் இருந்தன. இரண்டு பக்கமும் தேய்த்தேன். ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, துணியால் துடைத்து, சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகினேன்.

திரை வெளுத்தது.

சாப்ட்வேரெல்லாம் ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது. அண்ணன் சாப்பிடப் போகவில்லை; சிப்ஸ்காரரும் சட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அச்சன்புதூர்க் கல்யாணத்தை ஓடவிட்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அண்ணன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கை நிற்கவில்லை. தாலி ஏறியது, கெட்டிமேளம் முடியும்வரை படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் வெளியே போய்ச் சிப்ஸ்காரரிடம் என்னவோ பேசினார். "அதுக்கென்ன அண்ணாச்சி, நான் அங்கன பக்கத்து வீட்டுல கேட்டுக்கிடுதேன்" என்று அவர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. போகும்போது தாரில் பழுத்திருந்த இரண்டு பழம் வைத்துவிட்டுப் போனார்.

பெட்டியை மூடுவதற்கு முன் பூஜை அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தேன். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. இருந்தாலும் வந்தவனுக்கு முதல் நாளே வைக்க வேண்டும் இல்லையா? மோதிர விரலால் தொட்டு, நீங்கள் வைக்கும் அதே இடத்தில், விசிறிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் நடுவில் குங்குமம்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடியும் அதே மாதிரி வழிஞ்சு விசிறியப் புடிச்சுக்கிட்டா என்னட்டி செய்வ?" என்று கேட்டார்.

"புடிக்கட்டும்" என்றேன். "எனக்குக் கழத்தத் தெரியும்."