அஞ்சும் ஏழும் என்கிற முகவரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று சந்தையில் பதினாறு தராசுகளைச் சோதித்தேன். மூன்று பொய். மூன்றுக்கும் சீல் வைத்தேன். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு, "நீங்க வந்தாலே எனக்கு ஏழரைதான் மேடம்" என்றார். பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது தங்கையின் போன். "அக்கா, கடைக்கு வெப்சைட் போடலாம்னு இருக்கேன். பேரை எந்தக் கம்பெனில பதியணும்? நீயே பாத்து முடிச்சிடு. எனக்கு அந்த எழவெல்லாம் புரியாது."

அவள் காலணி செய்பவள். சாதாரணக் காலணி இல்லை. இரண்டு பாதமும் ஒரே அளவாக இல்லாதவர்களுக்கு மட்டும் செய்கிறாள். முதல் ஜோடி எனக்குத்தான். பள்ளியில் இரும்புக் கேட் விழுந்ததிலிருந்து என் இடது கால் ஐந்தாம் அளவோடு நின்றுவிட்டது. வலது ஏழு. முப்பது வருடம் இரண்டு ஜோடி வாங்கி, ஜோடிக்கு ஒன்றைத் தூக்கிப் போட்டேன். அவள் வந்து அதை நிறுத்தினாள்.

"என்ன பேரு?" என்று கேட்டேன்.

"அஞ்சும் ஏழும்."

"என் காலை ஊருக்கே விளம்பரம் பண்றியா?" என்று கத்தினேன். உள்ளூர சந்தோஷம்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பதினோரு கம்பெனிகளைக் கட்டம் போட்டு எழுதியாகிவிட்டது. ஒருவன் முதல் வருடம் கிட்டத்தட்ட இலவசம் என்கிறான், அடுத்த வருடம் தோலை உரிப்பான். இன்னொருவன் வேண்டாததை எல்லாம் தலையில் கட்டப் பார்க்கிறான். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன்.

கட்டத்தைத் தங்கையின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பக்கத்து ஷெட் வெல்டர் எட்டிப் பார்த்தார். அவருக்கு நான் எப்போதும் ‘தராசு அக்கா’தான். தன் கடைப் பெயரை ஒரு சின்னக் கம்பெனியில் பதிந்திருக்கிறாராம். "போன் போட்டா மனுஷன் எடுக்கிறான், தராசு அக்கா. அது போதாதா?"

"எடுத்து? சாப்பிட்டீங்களான்னு கேப்பானா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். தங்கை கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அவளுக்கு அந்தக் கம்பெனி பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. என் கட்டத்தில் அது எட்டாவது இடம்.

மார்ச் 16, ஞாயிறு

பதிந்துவிட்டேன். என் கட்டத்தில் முதலாவது வந்த கம்பெனி. போன் எண் கிடையாது, எழுதித்தான் கேட்க வேண்டும். எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

என் பெயரில், என் ஆபீஸ் இ-மெயிலில். தங்கையின் இ-மெயிலில் நாலாயிரம் கடிதம் பிரிக்காமல் கிடக்கிறது. அவளை நம்பினால் அவ்வளவுதான்.

வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கவா என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தார்கள். எடுத்துவிட்டேன். ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை, தொழில் அப்படி. புதுப்பிக்க வேண்டிய தேதியை இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

"இனிமே அந்தப் பேர் நம்மளோடது" என்று அவளிடம் சொன்னேன்.

ஜூன் 21, சனி

எங்கோ இருக்கும் ஒரு அப்பா, மகளின் இரண்டு பாதங்களையும் தாளில் வரைந்து அனுப்பியிருக்கிறார். வெப்சைட் வழியாக வந்த முதல் ஆள். "மூணு வருஷமா என் புள்ள பஞ்சு திணிச்ச ஷூ போட்டு நடக்குது" என்று எழுதியிருக்கிறார். தங்கை படித்துக்காட்டும்போதே அழுதுவிட்டாள்.

"எல்லாம் உன்னாலதான் அக்கா" என்றாள். நான் மறுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு காலணியிலும் லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் உள்பக்கம் வெப்சைட் முகவரியை முத்திரையாகக் குத்துகிறாள். பிள்ளைகளின் கால் வளரும், அளவு மாறும், மறுபடி தேடி வர வேண்டுமே என்று.

அக்டோபர் 8, புதன்

பயிற்சிப் பிரிவுக்கு மாற்றம். இனி சந்தை இல்லை, வெயில் இல்லை, வசவும் இல்லை. பழைய இ-மெயிலை மூடிவிட்டுப் புதிது கொடுத்தார்கள். "பழசுல முக்கியமா ஏதாவது வருமா மேடம்?" என்று கம்ப்யூட்டர்காரர் கேட்டார்.

"ஒண்ணும் வராது" என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

புது டைரி வாங்கிப் பத்து நாள் ஆகிறது. முதல் விஷயமே சண்டை.

பிள்ளைகளின் எலும்பு மருத்துவமனை ஒன்று தங்கையின் வேலையைப் பார்த்திருக்கிறது. அங்கே வருகிற பிள்ளைகளை எல்லாம் அவளிடமே அனுப்பலாமா என்று யோசிக்கிறார்களாம். அது கிடைத்தால் பட்டறை நிமிர்ந்துவிடும், இல்லாவிட்டால் இந்த வருடத்தோடு மூடிவிட்டு ஏதாவது தொழிற்சாலைக்குப் போக வேண்டியதுதான் என்றாள். சொல்லிவிட்டு, "வெப்சைட் பேரை என் பேருக்கு மாத்திக் குடுத்துடு அக்கா. பாஸ்வேர்டும் வேணும்" என்றாள்.

"ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"அய்யோ, அப்படி இல்ல. என் கடை, என் பேர்ல இருக்கட்டுமேன்னு."

"இப்பதானே பெரிய மனுஷி ஆயிருக்க" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும், "மாத்தித் தர்றேன், தர்றேன்" என்று எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டேன்.

பத்து நிமிட வேலை. தெரியும். ஆனால் செய்ய மனசு வரவில்லை. எல்லாம் உன்னால்தான் என்று சொன்னவள்தானே?

மார்ச் 19, வியாழன்

தங்கையிடமிருந்து செய்தி: ‘அக்கா, வெப்சைட் திறக்கல. கொஞ்சம் பாக்குறியா?’ இரண்டு மாதமாகப் பேச்சு குறைந்திருந்தது, வேலை வந்ததும் அக்கா!

பார்த்தேன். பதில் போடவில்லை. நாலு நாள் காத்திருக்கட்டும், யார் வேண்டும் என்று புரியும்.

மார்ச் 27, வெள்ளி

மறுபடி கேட்டாள். ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அனுப்பினேன். பொய். ஆபீஸில் ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பு, மூச்சுவிட நேரமில்லை. அதுவும் ஒரு சாக்குதான்.

ஏப்ரல் 8, புதன்

இன்றுதான் உட்கார்ந்தேன். பெயரின் காலம் மார்ச் 16-ஆம் தேதியே முடிந்திருக்கிறது!

சிவப்பு மையில் எழுதினேனே என்று தேடினேன். எழுதியிருக்கிறேன், போன வருட டைரியின் கடைசிப் பக்கத்தில். அந்த டைரி அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறது. மற்றவர்களின் எடைக்கல்லைக் குறை சொல்லியே இருபது வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

சரி, இப்போதாவது புதுப்பிக்கலாம் என்று உள்ளே போகப் பார்த்தேன். உங்கள் இ-மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம் என்கிறது. எந்த இ-மெயிலுக்கு? மூடிய ஆபீஸ் இ-மெயிலுக்கு. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாமே அங்கேதான் போயிருக்கும். ஒண்ணும் வராது என்று சொன்ன வாய் இது.

கம்பெனிக்கு எழுதினேன். உங்கள் கேள்வி எங்களுக்கு மிக முக்கியம் என்று உடனே பதில் வந்தது. மெஷின்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அடையாள அட்டை கேட்டார்கள், அனுப்பினேன். கையெழுத்தோடு கேட்டார்கள், அனுப்பினேன். ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு நாள். போன் எண்ணைத் தேடி அவர்களின் வெப்சைட் முழுக்க அலைந்தேன். இல்லை என்று தெரிந்தும் தேடினேன்.

போன் போட்டா மனுஷன் எடுக்கிறான், தராசு அக்கா.

ஏப்ரல் 17, வெள்ளி

பதில் வந்தது. காலம் முடிந்த பெயர் என்பதால் ஏலத்தில் போய்விட்டதாம். யார் எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டார்களாம். வருந்துகிறார்களாம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொன்னேன். அவள் நம்பினாள். என்னைச் சமாதானமும் செய்தாள்! "நீ என்னக்கா பண்ணுவ, விடு."

பிறகு மருத்துவமனை விஷயத்தைச் சொன்னாள். போன மாதம் 25-ஆம் தேதி, மாதிரிக் காலணிகளோடு வரச்சொல்லி அவளுடைய கடை இ-மெயிலுக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த இ-மெயிலும் அதே பெயரில் ஓடியதுதானே? பெயர் செத்ததும் அதுவும் செத்துவிட்டது. இரண்டு தடவை எழுதி, பதில் இல்லாமல் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். இவளாகப் போன் செய்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

25-ஆம் தேதி. அவளுடைய முதல் செய்தி எனக்கு வந்தது 19-ஆம் தேதி.



மே 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எடுத்த குறி, மூடிய இ-மெயில், பழைய டைரி எல்லாவற்றையும். கடைசியில், செய்தியைப் பார்த்தும் வேண்டுமென்றே விட்டதையும்.

மற்றதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு தோலை வெட்டிக்கொண்டிருந்தாள். கடைசியைக் கேட்டதும் கத்தியை வைத்தாள்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன் அக்கா."

"தெரியும்."

"பாத்துட்டு இருக்கேன்னு சொன்ன. அதை நம்பி நான் வேற யாருகிட்டயும் கேக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு உனக்கு" என்றாள்.

மே 4, திங்கள்

பாவி, பாவி. எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? ஒரு பாஸ்வேர்டைக் குடுத்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

ஜூலை 5, ஞாயிறு

புதுப் பெயர் பதிந்திருக்கிறாள். வெல்டர் சொன்ன கம்பெனியில், தன் பெயரில், தானே. எனக்குச் சொல்லவில்லை. வெல்டர்தான் சொன்னார். எனக்குத் தெரியாது என்று புரிந்ததும், ஏன் வாயைத் திறந்தோம் என்று அவர் கையைப் பிசைந்தார்.

பட்டறையை மூடவில்லை. காலையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை, மதியத்துக்கு மேல்தான் பட்டறை.

பழைய பெயரை இன்று திறந்து பார்த்தேன். சூதாட்ட விளம்பரம். அந்த முகவரி நாற்பது பிள்ளைகளின் காலணிக்குள் குத்தியிருக்கிறது.

டிசம்பர் 20, ஞாயிறு

என் காலணியின் அடிப்பாகம் தேய்ந்து, வலது பக்கம் தண்ணீர் உள்ளே வருகிறது. அவளிடம் எப்படிக் கொண்டுபோவது? அட்டை வெட்டி உள்ளே வைத்துக்கொண்டேன்.

பழைய பெயரின் காலம் வரும் மார்ச் 16-இல் முடிகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருக்கிறது. இந்தத் தடவை சமையலறைச் சுவரில் எழுதி வைத்தேன்.

மார்ச் 16, செவ்வாய்

எடுத்தவன் புதுப்பிக்கவில்லை. சூதாட்டம் ஓடவில்லை போலிருக்கிறது. பெயர் முழுதாக விடுபட எழுபத்தைந்து நாள் ஆகுமாம். வெல்டரின் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நிதானமாக, இரண்டு தடவை விளக்கினாள். வைத்ததும் அவள் சொன்ன தேதியையும் சமையலறைச் சுவரில் எழுதினேன்.

ஜூன் 2, புதன்

கிடைத்துவிட்டது. காலையிலிருந்து ஆபீஸுக்கு லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வருடத்துக்குப் பதிந்தேன். தானாகப் புதுப்பிக்கவா என்று கேட்டது. இருக்கட்டும் என்று குறியை விட்டுவிட்டேன்.

ஜூன் 6, ஞாயிறு

அவளிடம் போய், "உன் பேருக்கு மாத்திடுறேன், இப்பவே, இங்கயே" என்றேன்.

கையிலிருந்த தோலை மடித்து வைத்தாள். பிறகு, "வேண்டாம் அக்கா. இப்ப எல்லாரும் புதுப் பேரைத்தான் தேடி வர்றாங்க. அது உன் கால் அளவு. நீயே வச்சுக்கோ" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாசலில் செருப்பு விடும் இடத்தில் நான் குனிந்தபோது என் காலணியைப் பார்த்துவிட்டாள். உள்ளே இருந்த அட்டையை இழுத்து எடுத்தாள். "இது என்ன கண்றாவி?" என்றாள். அடி மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "பாஸ்வேர்டை மட்டும் எனக்கும் எழுதிக் குடு" என்றாள். வெல்டரின் பேனாவை வாங்கி எழுதிக்கொடுத்தேன்.

ஜூலை 14, புதன்

பழைய முகவரியில் ஒரே ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். ‘காலணி செய்பவர் இப்போது வேறு முகவரியில் இருக்கிறார். இங்கே அழுத்துங்கள்.’ அவ்வளவுதான். ஆறு வாரத்தில் ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். மருத்துவமனை இன்னும் அந்த வேறு ஆளிடம்தான் அனுப்புகிறது. தங்கை இன்னும் காலையில் தொழிற்சாலைக்குத்தான் போகிறாள்.

மதியம் அவளிடமிருந்து செய்தி. இந்த மாதத்தில் முதல் செய்தி: ‘ஷூவுக்குள்ள இருந்த பழைய அட்ரஸைப் பாத்து ஒரு அம்மா வந்தாங்க. பொண்ணுக்கு ரெண்டு அளவு வளர்ந்திருக்கு. நீ போட்ட பக்கத்தை அழுத்தித்தான் வந்தாங்களாம்.’

வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த எடைக்கல்லை மேஜையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று, அந்த நிமிடமே பதில் போட்டேன்.