ஆர்மோனியம் ஏறாது

ஜூன் 11, செவ்வாய்

விடாத மழை. மத்தி வாங்கப் போனேன். மத்தியும் இல்லை, குடைக்கம்பி முறிந்ததுதான் மிச்சம். வந்து பார்த்தால் வாசலில் ஹம்ஸா, பாட்டு கிளப்பின் பழைய சிநேகிதர். குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டாராம். சாமான்களை ஒழித்தபோது கிடைத்ததென்று ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார். கிளப் மாடியில் என் வீட்டுக்காரர் பாடிய அந்த ராத்திரி. பதிவுசெய்த கையோடு ஹம்ஸா அதை அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டதால் கோழிக்கோட்டில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை.

ஊரெல்லாம் கோயாக்கா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரருடைய குரல் இருப்பது, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு கேசட்டில்தான். ஒன்று எடுத்து வையுங்கள் என்று அந்தக் காலத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "பாடறவனே வீட்ல இருக்கேன், உனக்கெதுக்குடி கேசட்டு" என்பார். தொண்டையில் அறுவை நடந்து இரண்டு வருஷமாகிறது. உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. இப்போது உதட்டை மட்டும் அசைப்பார். நான் பார்த்துப் புரிந்துகொள்வேன். கிளப் பக்கம் போவதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

ஜூன் 13, வியாழன்

நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. கேசட்டைத் திறந்து, பஞ்சால் துடைத்து, பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி மணிக்கட்டு போயிற்று. பாட்டைக் கணினியில் ஏற்றுகிற கருவி தங்கை மகன் ஷார்ஜாவிலிருந்து அனுப்பியது. எப்படிச் செய்வதென்று வீடியோவில் பார்த்துக்கொண்டேன். தபால் ஆபீஸில் காலமெல்லாம் முத்திரை குத்தினவளுக்கு இது வராதா என்ன.

ஜூன் 14, வெள்ளி

ஏன்தான் போட்டேனோ.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார், சோறு தின்றார், நல்ல முகமாகத்தான் இருந்தார். முதல் பக்கத்தில் பூஞ்சை அதிகம் என்று நேராக இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். இவருக்குப் பேர் வாங்கித் தந்த கஜல் அதில்தான். வந்ததே ஒரு குரல் — மெலிசாக, கிறீச்சென்று, யாரோ துரத்துகிற மாதிரி ஓட்டமாக.

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது: "ஆட்டுக்குட்டி."

சரியாகக் கேளுங்கள், பழைய நாடா, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் கேட்கவில்லை. "இதுக்கா எல்லாரும் வாஹ் வாஹ்ன்னீங்க? இத்தனை வருஷமா என்னை வச்சுச் சிரிச்சீங்களா?" போய்ப் படுத்துவிட்டார்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் குரலுக்காகத்தானே நான் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தேன்? பெண் பார்க்க வந்த மற்ற இரண்டு பேருக்கும் நிலம் இருந்தது, கடை இருந்தது. இந்த மனுஷனுக்கு அந்தக் குரல்தான் இருந்தது. கம்பளி மாதிரி கனமான, கீழே இறங்கி உட்காருகிற குரல். இரண்டு வருஷமாக என் காதில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அது நானாகப் பூசிக்கொண்ட மெருகுதானா அப்போ? எனக்கென்ன தெரியும், காதலிச்சவ காது.

ஜூன் 16, ஞாயிறு

கேசட் குப்பைக்கூடையில், மீன் செதிலோடு கிடந்தது. எடுத்துக் கழுவி அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அரிசிமாவில் சுட்ட பத்திரியைத் தொடவில்லை அவர். இரண்டு தரம் கைதட்டிக் கூப்பிட்டார், போனால், "ஹைத்ரோஸ் வந்தா பாட்டுப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடு." குரல் போனபோதுகூட இப்படி இருக்கவில்லை. நான் நல்லாப் பாடினவன் என்கிற ஒரு பிடிமானமாவது அப்போது இருந்தது.

ஜூன் 17, திங்கள்

ஹைத்ரோஸ் வந்தார். கிளப்பில் இவருக்கு எப்போதும் ஆர்மோனியம் வாசித்தவர், என்னை அக்கா முறையில் இத்தா என்பவர். இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அடுக்களைக்குக் கூட்டிப்போய்ச் சன்னமாகப் போட்டுக் காட்டினேன். பொறுக்க முடியவில்லை, யாரிடமாவது காட்டியாக வேண்டும்.

சுலைமானி டீயைக் கீழே வைத்தார். "இத்தா, இதுல ஆர்மோனியப் பெட்டி வாசிக்கறது யாரு?"

"நீதானேடா?"

"நானா? கோயாக்காவுக்கு நான் ஒரு கட்டை சுருதியத் தவிர வேற எதுலயாவது வாசிச்சிருக்கேனா? இது ஒன்றரையத் தாண்டி நிக்குது."

"ஜனத்தைப் பார்த்த உற்சாகத்துல ஏத்திப் பாடியிருப்பாரு."

"அவரு ஏறுவாரு இத்தா, மனுஷன். என் பெட்டி எப்படி ஏறும்? அதை அறைஞ்சாலும் ஒரே சுருதிதான். இங்க பாருங்க, பாட்டு முடியறதுக்குள்ள அதுவும் கூடவே ஏறுது."

அப்புறம் நான் முதல் பக்கத்தைப் போட்டேன், இதுவரை போடாமல் விட்டதை. கரகரவென்று முதல் பாட்டு — ஒரு கட்டை, அச்சாக ஒரு கட்டை என்றார் ஹைத்ரோஸ். பாட்டு முடிந்ததும் ஒரே இரைச்சல். "கரண்ட் போச்சு" என்று யாரோ. "நிறுத்தாதீங்க, பேட்டரி இருக்கு" என்று ஹம்ஸாவின் குரல்.

"பேட்டரி இருக்காம் பேட்டரி," என்றார் ஹைத்ரோஸ். "டார்ச் லைட்ல தீர்ந்ததைத்தான் போட்டிருப்பான். கஞ்சப்பய."

அவ்வளவுதான் விஷயம். பேட்டரி சோர்ந்து, பதிவுசெய்யும்போதே நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. இப்போது அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் ஓட்டமும் கிறீச்சும்தான் வரும். பாடினவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அல்லாஹ்வே, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் சமாதானம் சொல்கிறேன் என்பார். காதுக்குக் காட்ட வேண்டும்.

ஜூன் 19, புதன்

தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு ஹைத்ரோஸ் வீட்டுக்குப் போனேன். வேகத்தை ஒரே அளவில் குறைத்தால் போதாது. போகப் போகப் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஹைத்ரோஸ் தன் பெட்டியில் ஒரு கட்டையை அழுத்திப் பிடிக்கிறார். நாடாவின் ஆர்மோனியம் அதோடு சேரும்வரை நான் கணினியில் துண்டு துண்டாக வேகத்தைக் குறைக்கிறேன். ஹைத்ரோஸின் பெண்டாட்டி, "காது செத்துச்சு, ரெண்டு பேரும் எழுந்து போங்க" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

கஜலின் கடைசி அடி மட்டும் பிடிபடமாட்டேன் என்கிறது.

ஜூன் 22, சனி

நேற்று ஒருவழியாகக் கடைசி அடியும் பிடிபட்டது. காலையில் அவர் தாடி மழித்துக்கொண்டிருந்தார். கேட்காமலேயே போட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

கத்தி கன்னத்திலேயே நின்றுவிட்டது. சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்கிறது, மனுஷன் அசையவில்லை. கனமாக, நிதானமாக, அவசரமே இல்லாத அந்தக் குரல் எங்கள் முற்றத்தில் இறங்கி உட்கார்ந்தது. என் காதில் இருந்த அதே குரல். நான் எதையும் பூசவில்லை. இருந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கரண்ட், பேட்டரி, பெட்டி எல்லாவற்றையும் படபடவென்று சொன்னேன். அவர் கையை உயர்த்தி என் வாயை அடைத்தார். மூன்றாவது அடியில் முகத்தைச் சுளித்தார்.

"இங்க சுருதி இறங்குது."

"அதுவும் பேட்டரியா இருக்கும். சரிபண்ணிடறேன்."

"இல்லடி. பெட்டி சரியாத்தானே நிக்குது? இது நான். எப்பவும் இந்த இடத்துல விழுவேன்." சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் இரண்டும் குலுங்கின. "தொடாதே. அப்படியே கிடக்கட்டும்."

அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். வயிறு நிறைந்த அழுகை.

ஜூலை 5, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனவர் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லியும் வரவில்லை. கூப்பிட்டால் பேச முடியாத மனுஷனுக்குப் போன் செய்து என்ன பண்ண? பள்ளிவாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். வெளிறிப்போய் நிற்கிறேன், ஆட்டோவிலிருந்து தொப்பலாக நனைந்து இறங்குகிறார். கையில் ஒரு சாக்குப்பை. கிளப்புக்குப் போயிருக்கிறார், தன்னந்தனியாக. அங்கே இருந்தவர்களை அவரவர் வீட்டுக்குத் துரத்தி, பரணில் கிடந்த கேசட்டையெல்லாம் இறக்க வைத்திருக்கிறார்.

"யாருதுங்க இதெல்லாம்?"

தரையில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி உதட்டை அசைத்தார். "இதுல நான். இதுல நான். இது அப்துவோட தங்கச்சி கல்யாணம், விடியவிடிய நாந்தான்."

இத்தனையையும் யார் துடைப்பது, யார் ஏற்றுவது, எனக்கு வேறு வேலையில்லையா என்று கத்தினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்களேன் என்னை. அவரோ துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஹைத்ரோஸை வரச் சொல்லியிருக்கேன். பெட்டியோட. நாடா ஓடறதைப் பார்த்து ஓட்டு, என் பாட்டைக் கெடுத்திடாதே" என்கிறார்.

தலைக்கனம் ஏறிவிட்டது மனுஷனுக்கு. ஏறட்டும்.