குறி போட்ட நெல்

தை 16, திங்கள்
காலையில் பனி. கிணற்றடியில் விரல் மரத்துப் போனது. மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. பட்டாளத்து லாரிகள் மட்டும் ஆவடிக்கு வரிசையாகப் போகின்றன. அவற்றுக்கு எங்கிருந்தோ எண்ணெய் கிடைக்கிறது.

பள்ளியில் சித்திரக் கண்காட்சி ஏற்பாடு. செய்ய வேண்டியவை: மேசை விரிப்பு துவைக்க. பூந்தமல்லிக் கடைத்தெருவில் மாலைக்குச் சொல்ல. கட்டுரை நோட்டு திருத்த (தள்ளிக்கொண்டே போகிறது).

டிராயிங் மாஸ்டர் தேவசகாயம் தன் படத்தை மாட்டினார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் களம். நடுவில் நெல் குவியல், அதன்மேல் சாணியைக் கரைத்துத் தெளித்த சாணிப்பால் குறி. தள்ளி, வெயிலில், வெறும் முறத்தோடு நான்கு பெண்கள்.

"நல்ல விளைச்சல்" என்றார் ஹெட்மாஸ்டர். பட்டணத்துக்காரர், வேறென்ன சொல்வார். குறி போட்டுவிட்டால் மிராசுதாரின் ஆள் வந்து அளக்கும்வரை அறுத்தவள் ஒரு பிடி அள்ள முடியாது. அள்ளினால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆள் எப்போது வருவான்? அவனுக்குத் தோன்றும்போது. அதுவரை அந்த நால்வர் வீட்டு அடுப்பு? படம் அதைத்தான் கேட்கிறது. இந்தப் பள்ளியில் கண் இருப்பது எனக்கு மட்டும்தான் போல.

தை 18, புதன்
நல்ல வெயில். கண்காட்சி. தலைமை, திருமழிசையிலிருந்து வந்த மிராசுதார். யுத்த நிதிக்குத் தாராளமாகக் கொடுத்தவராம்.

டிராயிங் மாஸ்டர் தே. படத்தைப் பற்றித் தமிழ் டீச்சர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார் ஹெ.மா. இரண்டோடு நிற்கவில்லை நான். குறி, முறம், பெண்களின் முகம், எல்லாம் சொன்னேன். அறுத்தவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்க நெல் காவலில் கிடக்கிறது என்றேன். கை தட்டினார்கள். மிராசுதாரும்தான்.

"எந்தக் களம்மா இது?" அன்பாகத்தான் கேட்டார். மாஸ்டரின் அப்பா வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிர் செய்யும் நிலம் என்று ஊர்ப் பெயரோடு சொன்னேன், பெருமையாக. தே. என் பக்கம் திரும்பவே இல்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

தை 20, வெள்ளி
தே. வரவில்லை. மத்தியானம் அவர் அப்பா வந்தார். உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார். அந்த நிலமே இந்த மிராசுதாருடையதுதானாம். எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். இனி நிலம் கிடையாது என்று சொல்லியனுப்பிவிட்டாராம்.

"படம் போட்டான், சரி. அது இன்னா சொல்லுதுன்னு அவராண்டயே எதுக்கும்மா சொன்னீங்க? சும்மா வுட்டிருந்தா நம்ம நெல்லுன்னு சந்தோசமா பாத்துட்டுப் போயிருப்பாரு."

தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பு. நோட்டு திருத்தவில்லை.

தை 24, செவ்வாய்
மேகமூட்டம். தலைவலி. ஹெ.மா. போய்ப் பேசி ராஜியாகிவிட்டதாம். மிராசுதார் வீட்டுக் கூடத்தில் மாட்ட அந்தப் படமே வேண்டும். குறி இருக்கக் கூடாது. பெண்கள் சிரிக்க வேண்டும். அப்படியென்றால் நிலம் உண்டு.

அன்று கை தட்டிய அத்தனை பேரில் நான் சொன்னதை முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

தை 25, புதன்
மன்னிப்புக் கேட்க டிராயிங் அறைக்குப் போனேன். குறியின்மேல் மஞ்சள் பூசியாகிவிட்டது. மூன்று பெண்கள் சிரிக்கிறார்கள். நாலாமவள் முகத்தைச் சுரண்டி வைத்திருந்தார். நான் ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை.

"இது எங்கம்மா, டீச்சர். அவங்க சிரிச்சு நான் பாத்ததில்ல. எப்டிப் போடறதுன்னு தெரில. நீங்க கொஞ்சம் சிரிங்க, பாத்துகினு போட்டுடறேன்."

சிரித்தேன். அப்படியே இருக்கச் சொன்னார். இருந்தேன்.