பருப்பு வெந்த தண்ணீர்

பெப்ரவரி 11, 1929
மழைமானியில் இன்றும் பூச்சியம். முப்பத்து நான்காவது நாள். மலையோடை நூலாக இளைத்துவிட்டது. குழாய் காலையில் ஒரு மணி நேரம்தான். பினாங்கைச் சுற்றிக் கடல். குடிக்க ஒரு வாய் இல்லை. கடலிலிருந்து எழும்பும் மேகமெல்லாம் அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் போய்க் கொட்டுகிறதாம். அங்கே யார் செய்த புண்ணியமோ!

பெப்ரவரி 14
பின்வளவுக் கிணற்றின் பலகையைப் பெயர்த்தேன். ஊர்க் கிணறுகளை மூடச்சொல்லும் அறிவித்தலைத் தட்டச்சு செய்தவனே தண்ணீர் இலாகாக் குமாஸ்தாவாகிய நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உவர்ப்பே இல்லை. யாழ்ப்பாணத்து உவர்க் கிணறுகளோடு அல்லாடியவனுக்கு இது அமிர்தம். மனைவி பத்மாவதியின் பரீட்சை வேறு. அந்தத் தண்ணீரில் பருப்பை அடுப்பேற்றினாள். அரை மணியில் குழைந்தது.
"இஞ்ச பாருங்கோ, நல்ல தண்ணியப்பா."

பெப்ரவரி 15
பக்கத்து வீட்டு சலேஹாவையும் அள்ளிக்கொள்ளச் சொன்னேன். கணவன் கப்பலில், அவளும் ஐந்து வயது மகள் நோர்மாவும்தான். "பைப்புல காத்துதான் வருதுலா அண்ணே. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். நோர்மா தன் சிறு செம்பில் மொண்டு, நின்ற இடத்திலேயே குடித்து, "இனிக்குது மாமா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெப்ரவரி 28
பூச்சியம்.

மார்ச் 5
நோர்மாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். டைபாய்டு என்றார் டாக்டர். என்ன தண்ணீர் குடித்தாள் என்று கேட்டார். சலேஹா என்னைப் பார்த்தாள். பிறகு, "பைப்புத் தண்ணிதான் டாக்டர்" என்றாள். கிணறு திறந்தது தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நான் வாயே திறக்கவில்லை. பலகையைத் திரும்ப அடித்தேன்.

மார்ச் 9
கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில், இடம் சொல்லாமல், பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். முடிவு வந்தது. கக்கூஸ் கசிவு கலந்திருக்கிறது.
நாங்கள் கோப்பி, கஞ்சி என்று காய்ச்சியே குடித்தோம். அந்தப் பிள்ளை பச்சையாய்க் குடித்தது. மழை மண்ணுக்குள்ள இறங்கிக் கிணத்துக்கு வருமெண்டால் மற்றதும் வராதோ? பன்னிரண்டு வரியமாய்த் தண்ணி இலாகாவில என்னத்தைக் கிழிச்சனான்? உப்புத் தெரிஞ்ச நாக்குக்கு நஞ்சு தெரியேல்லையே.

மார்ச் 17
நோர்மா போய்விட்டாள்.

மார்ச் 19
மழை. மூன்று அங்குலம். ஆபீசில் எல்லோரும் வெளியே ஓடிப்போய் நனைந்தார்கள். பதிவேட்டில் எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை. ஐந்து வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 25
நோர்மாவின் நாற்பதாம் நாள். சலேஹா அந்தச் சிறு செம்போடு வாசலில் நின்றாள்.
"கபுரு மண்ணுல ஊத்தணும் அண்ணே. அவளுக்கு ஒங்க கெணத்துத் தண்ணிதான் புடிக்கும். ஒரு செம்பு குடுங்க."
கொடுத்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் முடியவில்லை. போத்தல், முடிவு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.
"ஒங்களுக்காகத்தானே அண்ணே டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."
செம்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 28
இன்று ஒன்றரை அங்குலம். இலாகாத் தலைவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். நாளை முதல் நான் வேலைக்குப் போக வேண்டியதில்லை. செம்பு வாசற்படியிலேயே இருக்கிறது. அதை எடுத்து உள்ளே வைக்க பத்மாவதிக்கும் மனம் வரவில்லை. மழையில் நிரம்பி வழிகிறது.