என் பெயரில் யாரோ எழுதிய இங்கிலீஷ்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நான் எழுதிய கடிதத்தைக் காலனி செயலாளர் கார்த்திக் என்னைக் கேட்காமல் போனில் ஏதோ ஆப்பில் போட்டு மாற்றி, கீழே என் பெயரையே வைத்து முனிசிபல் ஆபீசுக்கு அனுப்பிவிட்டான். இது அநியாயம்.

விஷயம் எங்கள் கேட் முன்னால் பொங்கும் சாக்கடை. என் மனைவி சரசு முட்டி ஆபரேஷன் ஆனவள். வழுக்கிவிடும் என்று பயந்து வாசல் தாண்டுவதே இல்லை.

கேட்டதற்கு, "அங்கிள், 'ஐ பெக் டு ஸ்டேட்'னு இப்ப யாருங்க எழுதறாங்க? கொஞ்சம் நேச்சுரலா மாத்துனேன், அவ்வளவுதானுங்க" என்கிறான். பேப்பர் படித்து நானாகக் கற்ற இங்கிலீஷ் அது. ஃபாக்டரி ஸ்டோர்ஸில் ரிடையர் ஆகும்வரை அதில்தான் எழுதினேன். ஒரு கடிதமும் திரும்பி வந்ததில்லை.

ஜூலை 9, புதன்
மழை இல்லை. நாற்றம் அதிகம். வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரில் உள்ள கடிதம் எனக்கே புரியாமல் எப்படிப் போவது? அகராதி, யூடியூப்.

ரீச்சிங் அவுட் – தொடர்பு கொள்வது. கடிதம் கையில் இருக்கும்போது இதைத் தனியாக வேறு சொல்வானேன்?
புட் அப் வித் – பொறுத்துக்கொள்வது.
ஸ்வீப் அண்டர் த கார்ப்பெட் – மூடி மறைப்பது. சாக்கடை நடுவில் கம்பளம்!
ஃபெட் அப் – வெறுத்துப்போவது. உடனே மனதில் நின்றது.

சரசு: "உங்க லெட்டர்ல என்ன இருக்குன்னு நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கிடுதியளாக்கும்?"
அடுத்த சொல்லைத் தேடினேன். கண் எரிச்சல்.

ஜூலை 11, வெள்ளி
ஆட்டோவில் ஆபீஸ். கார்த்திக்கும் வந்தான். கிளார்க் அம்மா கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "சார், சப்ஜெக்ட் ஏதி? ரெஃபரென்ஸ் ஏதி?" தெலுங்குக்கார அம்மா; எங்கே என்று கேட்கிறார். இரண்டையும் நான் தலைப்பிலேயே எழுதியிருந்தேன், பழைய புகார் எண்ணோடு. இவன் அழகுக்காக வெட்டியிருக்கிறான். பழைய எண் இல்லாமல் ஃபைல் நகராதாம். புதுப் புகாராகப் பதிந்து, வரிசையில் கடைசி.

"சாரிங்க அங்கிள், அது பழைய ஸ்டைலுன்னு நெனச்சுட்டேனுங்க."
"ஐ ஆம் ஃபெட் அப்" என்றேன். படித்ததற்கு அது ஒன்றுதான் உபயோகம்.

வீடு திரும்பியபோது சரசு செருப்பு மாட்டிக் கேட் வரை வந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

ஜூலை 12, சனி
இனி:
கார்த்திக் – என் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் டைப் அடிக்க வேண்டும். சப்ஜெக்ட், ரெஃபரென்ஸ் உட்பட. திங்கள் காலை அவனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், லீவு போட்டு. அந்த இங்கிலீஷ் என்னுடையது அல்ல என்று காலனி வாட்ஸ்அப்பில் அறிவிக்க வேண்டும்.
கிளார்க் அம்மா – பழைய எண்ணில் சேர்க்க வேண்டும்.
முனிசிபல் ஆட்கள் – அடைப்பு எடுக்க வேண்டும். மூடியை மட்டும் மாற்றிவிட்டுப் போகக் கூடாது.
வாட்ச்மேன் – இன்றே கேட் முன் கல் போட வேண்டும்.
சரசு – தனியாக இறங்கக் கூடாது.
நான் – கல் போட்டதும் அவள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும்.